பாதிச் சர்ச் அண்ணன்

குவீன் ஸ்திரீட்டில் ஒரு சேலைக்கடையின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். சுற்றுப்பயணிகளைப் பினாங்கு ஜார்ஜ் டவுன் முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கட்டடங்களைக் காட்டும் சின்ன நிறுவனம். நான் கவுண்டரில் டிக்கெட் எழுதுவேன். நடப்பது அவர். கைடு அண்ணன்.

வயது அறுபதை ஒட்டி இருக்கும். உயரம். வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, கழுத்தில் ‘குட்மார்னிங்’ என்று அச்சடித்த ஒரு துண்டு, சட்டைப்பையில் உப்புப் பிளம் பொட்டலம். வெயிலில் யாருக்காவது தலை சுற்றினால் முதலில் ஒரு பிளம், பிறகுதான் தண்ணீர். அவருடைய தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வேகத்தில் ஓடும். ஹொக்கியன் சீனமும் கொஞ்சம் வரும்.

வராத சொல் ஒன்றே ஒன்று. ‘தெரியாது.’

ஒருநாள் மாடிப்படியின் கீழே நின்று பாலில்லாத தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து, பழைய கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை எங்கே என்று கேட்டார்கள். அண்ணன் அவர்கள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் முன் அப்படித்தான் பார்ப்பார். பிறகு கையை நீட்டி, சூலியா தெருவுக்குப் போங்கள், இடதுபக்கம் திரும்புங்கள், பச்சைக் கதவு, உள்ளே ஒரு மரைக்காயர் உட்கார்ந்திருப்பார் என்று படம் போட்டதுபோலச் சொன்னார். அவர்கள் போனதும் கேட்டேன்.

“அண்ணே, அங்க கடிகாரக் கடை இருக்கா?”

“இருந்தா நல்லாருக்கும்ல?”

“அப்ப இல்லையா?”

“பாவம்லா, வேர்த்து விறுவிறுத்து வந்து கேக்குறாங்க. மொகம் வாடிப்போயிடக்கூடாது பாரு.”

சாயங்காலம் அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். பச்சைக் கதவு இருந்ததாம். உள்ளே கடிகாரக் கடை இல்லை, பிரியாணிக் கடை. வாழ்நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எங்கள் நடைப்பயணத்தின் கடைசி நிறுத்தம் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயம். பேராலயமாகக் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. மலாய்க்காரர்கள் ‘கெரெஜா ஸெபாரோ’ என்பார்கள், நம்மவர்களுக்குப் பாதிச் சர்ச். தெருவிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. கூர்வளைவு ஜன்னல்கள், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான மரக்கூரை எல்லாம் முழுசாக இருக்கும். உள்ளே போய்ப் பலிபீடத்தை நோக்கி நடந்தால்தான் விஷயம் புரியும். கோபுரத்தைத் தாங்க வேண்டிய இரண்டு பெரிய செங்கல் தூண்கள் கூரைக்குப் பாதியிலேயே நின்றுவிடும். அவற்றுக்கு அப்பால் கல்சுவர் கிடையாது. பலகையும் தகரமும் அடித்த தடுப்புதான். தற்காலிகமாக அடித்தது. அடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கிழவர்களாகிவிட்டார்கள், தடுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. மழை பெய்தால் குருவானவரின் பிரசங்கம் நாலாவது வரிசைக்கு மேல் கேட்காது.

அந்தக் கட்டடத்தைப் பற்றி அண்ணனுக்கு நிஜமாகவே நிறையத் தெரியும். தூணின் ஓரத்தில் செங்கற்கள் ஒன்றுவிட்டு ஒன்று பல்போல நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டுவார். அடுத்த சுவர் வந்து கோத்துக்கொள்வதற்காக விட்ட பற்கள் அவை. பின்பக்கப் புல்வெளிக்கும் கூட்டிப்போவார். மழையில்லாத மாதங்களில் அங்கே புல் சில இடங்களில் மட்டும் கோடுகோடாகக் காய்ந்து கிடக்கும். அடியில் அஸ்திவாரம் இருப்பதால் அங்கே வேர் இறங்காது. தள்ளி நின்று பார்த்தால் கட்டப்படாத பாதிக் கோயிலின் வரைபடம் புல்லில் தெரியும். “இங்க பாடகர் குழு, இங்க பிஷப்பு நாற்காலி” என்று காய்ந்த கோட்டுக்குள் நடந்து காட்டும்போது பார்ப்பவர்கள் சுவர் இருக்கிற மாதிரி சுற்றிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் நிஜம். ஏன் நின்றது என்று யாராவது கேட்டால்தான் வம்பு.

ஆஸ்திரேலியர்களுக்கு, கட்டடக் கலைஞனின் காதலி கடலில் மூழ்கிப்போனாள். சீனர்களுக்கு, ஒரு ஃபெங் சுயி கிழவர் வந்து, இந்தக் கோபுரம் துறைமுகத்தின் கண்ணில் குத்தும் என்று சொல்லிவிட்டார். இங்கிலாந்துக்காரர்களுக்கு, லண்டனிலிருந்து வந்த அனுமதிக் கடிதம் கப்பலோடு போய்விட்டது. ஒருமுறை ஒரு சின்னப் பிள்ளைக்கு, யானை வந்து சுவரைத் தள்ளிவிட்டது. அந்தப் பிள்ளை கூட்டம் முடியும்வரை அண்ணன் கையை விடவில்லை.

“எதுதான்ணே நெசம்?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“ரப்பர் படுத்துச்சு, கித்தா வெல விழுந்துச்சு, காசு நின்னுச்சு. பொறவு ஜப்பான்காரன் வந்தான். அவ்ளோதான் எல்லாருக்கும் தெரியும்.”

“அதையே சொல்லலாமே.”

“அத சொன்னா, ‘ஓ’ன்னு சொல்லிட்டு ஹேண்ட்போனப் பாப்பான். கட்டடந்தான் பாதி. வந்தவன் மனசும் பாதியா திரும்பிப் போனா நல்லாவா இருக்கு?”

எனக்கு அவர்மேல் கோபம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட்டைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் வந்து, “விசாரிச்சேன்மா. அந்தப் பையனுக்கு ஏற்கெனவே ஈப்போவுல ஒரு பொண்ணோட பழக்கமாம். ஆயர் ஈத்தாம்ல அவன் பக்கத்து வீட்டுக்காரரே சொன்னாரு. நீ தப்பிச்ச” என்றார். அவர்கள் வீடு ஆயர் ஈத்தாமில் இல்லை. ஜெலுத்தோங்கில். அவர் யாரையும் போய்ப் பார்க்கவில்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

தமிழர்களுக்கு அவர் சொல்வது கொத்தனார் கதை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஒரு கொத்தனார். தூணின் உச்சியில் கடைசி வரிசைக் கல்லை வைக்கும்போது கால் வழுக்கி விழுந்தார். ஊரும் உறவும் தெரியாததால் அங்கேயே, தூணுக்கு அடியிலேயே புதைத்துவிட்டார்கள். அந்தத் தூணின் மேல் இன்னொரு கல் வைக்க எந்தத் தமிழனும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வேலை நின்றது. இதைச் சொல்லும்போது அண்ணன் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு குழு வந்தது. ஓய்வுபெற்றவர்களும் அவர்கள் குடும்பங்களும். ஆட்கள் அதிகம் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். அதில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொத்தனார் கதை முடிந்ததும் மகள் கையை விட்டுவிட்டு அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, அவர் பேரு கருப்பையாவா?”

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். பெரியவரின் கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். அண்ணே வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னது நினைவிருக்கிறது.

“ஆமாங்கய்யா. கருப்பையான்னுதான் சொல்லுவாங்க.”

பெரியவர் அப்படியே தூணுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைத் தடவினார். “அப்பா ஓடிப்போகல. அப்பா ஓடிப்போகல” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அவரைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் மகள்தான் எனக்குச் சொன்னாள். பெரியவர் கைக்குழந்தையாக இருந்தபோது, பினாங்கில் வெள்ளைக்காரன் கோயில் கட்டப் போகிறேன் என்று வீட்டைவிட்டுப் போனவர் அவருடைய அப்பா. திரும்பவே இல்லை. பின்னால் ஜப்பான் சண்டையும் வந்துவிட்டது. அவர் வேறொரு பெண்ணோடு ஓடிவிட்டார் என்று பேச்சு வந்தது. பெரியவரின் அம்மா அதை நம்பினாள். சாகும்வரை அவருக்கு ஒரு படையல்கூட வைக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவருக்கு இருந்த பேரே ‘ஓடிப்போனவன் மகன்’தான்.

அன்று அண்ணன் அலுவலகத்துக்கு வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார் என்றாள். வருகிற அமாவாசைக்கு முதல்முறையாகத் தாத்தாவுக்குப் படையல் போடுகிறோம், கைடு அங்கிள் கண்டிப்பாக வரவேண்டும் என்றாள். நான் அதை அண்ணனிடம் சொன்னேன்.

“பாத்தியா? நல்லதுதானே நடந்திருக்கு?” என்றார். என்னைப் பார்க்காமல் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு குருவானவர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், பொறுமைசாலி. பெரியவர் அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். தூணுக்கு அடியில் அப்பா பேர் பொறித்த ஒரு கல் பதிக்க அனுமதி வேண்டும் என்று. அண்ணனையும் என்னையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, “அண்ணே, அந்த வேலையில யாரும் விழுந்து செத்ததா எங்ககிட்ட எதுவும் இல்ல. தூணுக்கு அடியில யாரையும் பொதைக்கவும் இல்ல. கல்லு பதிக்க நான் சம்மதிக்க முடியாது. ஏன்னு அவருக்கு எழுதியாகணும். எழுதுறதுக்கு முன்னால நீங்க போய்ப் பேசிட்டா நல்லது” என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். கோபப்படவில்லை.

அமாவாசையன்று அண்ணன் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதிக் கடலில் என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு கருப்பையா இருந்தாங்கன்னு சொல்லிடலாமாம்மா? இவங்கப்பா வேற கருப்பையா, நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு…”

“அண்ணே!”

“சரி. சரி.”

பட்டர்வொர்த்தில் இறங்கிப் பஸ் ஏறினோம்.

பெரியவர் வீடு ஒரு தாமான் குடியிருப்பில், மாமரம் வைத்த முனை வீடு. சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பெரியவர் வாசலுக்கே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “இவர்தான், இவர்தான்” என்று எல்லாருக்கும் காட்டினார். உள்ளே படையலுக்கு இலை போட்டிருந்தது. புது வேட்டி, துண்டு, விளக்கு. அவருடைய அப்பாவுக்குப் புகைப்படம் கிடையாது. அதனால் மகள், அன்று சர்ச்சில் எடுத்த தூணின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். அதற்கு ரோஜா மாலை, சந்தனப் பொட்டு.

அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

“ஐயா, கும்பிடுறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க தம்பி. எல்லாரும் கேளுங்கப்பா.”

“அந்தப் பேர நீங்கதான்யா சொன்னீங்க. நான் ஆமான்னு மட்டுந்தான் சொன்னேன்.”

பெரியவர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அவருக்குப் புரியவில்லை.

“கொத்தனார் விழுந்ததும் இல்ல, பொதைச்சதும் இல்ல. அது நானா சொல்ற கத. ரொம்ப வருஷமா சொல்றேன். உங்க மொகத்தப் பாத்தேன்… இல்லன்னு சொல்ல வாய் வரல. நீங்க எந்தப் பேரக் கேட்டிருந்தாலும் நான் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்.”

சமையலறையில் வடை பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் பேசியது மகள்.

“வெளிய போங்க. மனுஷனாயா நீங்க? எங்கப்பா அழுததப் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் கையை உயர்த்தி மகளை நிறுத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் முழுக்கப் போயிருக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

“அப்ப எங்கப்பாவுக்கு என்னதான் ஆச்சு?”

அண்ணன் நிமிர்ந்தார். வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தார். நான் அவரோடு வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதைச் சொன்னார்.

“தெரியாதுங்கய்யா.”

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனுக்காகப் போட்ட நாற்காலி அது. இலையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார்.

“எங்கம்மாகிட்ட எல்லாரும் வந்து சொன்னாங்க. ஒருத்தன் மேடான்ல பாத்தேன்னான். இன்னொருத்தன் ரங்கூன்ல பாத்தேன், பக்கத்துல ஒரு பொம்பள நின்னான்னான். அவ சேல கலருகூட சொன்னான். அம்மா செத்துப்போறவரைக்கும் அந்தச் சேலையத்தான் பேசினா. ஒருத்தன்கூட வந்து தெரியாதுன்னு சொல்லல.”

பெரியவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

“ரங்கூன்ல பாத்தேன்னவனுக்கும் தெரிஞ்சிருக்காது. இல்ல? அவனும் இவர மாதிரி, எங்கம்மா மொகத்தப் பாத்துட்டு எதையோ சொல்லியிருப்பான்.”

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்து அந்தப் படத்தை இறக்கினார். மாலையை மட்டும் கழற்றி விளக்குக்குப் போட்டார். படத்தை மகளிடம் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே, “என்னப்பா செய்யுறீங்க? எல்லாத்தையும் எடுத்துரவா?” என்றாள்.

“எதுக்கு எடுக்கணும்? ஓடிப்போனவனுக்குத்தான் படையல் கூடாதுன்னா எங்கம்மா. எங்கப்பா ஓடிப்போனாருன்னு யாருக்குத் தெரியும்? சூடத்தக் கொளுத்து.”

கும்பிட்டு முடியும்வரை நாங்கள் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். முடிந்ததும் பெரியவர் வெளியே வந்தார். சாப்பிடக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

“நீங்க போயிட்டு வாங்க தம்பி. இப்ப உங்ககூட உக்காந்து என்னால சாப்பிட முடியாது.”

“சரிங்கய்யா” என்றார் அண்ணன்.

சில வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. வந்தபோது கொத்தனார் கதையும் இல்லை, காதலியும் இல்லை, யானையும் இல்லை. கித்தா விலை, ஜப்பான்காரன், அவ்வளவுதான். “அதுக்கு மேல எனக்குத் தெரியல” என்று சொல்லும்போது ஆரம்பத்தில் மீன்முள் மாட்டினதுபோலத் தொண்டையைச் செருமுவார். எதிரே நிற்பவர்களின் முகம் வாடும். உடனே அவர் கை சட்டைப்பைக்குப் போய் உப்புப் பிளத்தை எடுத்து நீட்டும். ஓர் ஆஸ்திரேலியர், போன முறை வந்தபோது இன்னும் சுவாரசியமாக இருந்தது என்று எங்கள் முதலாளிக்கு எழுதினார். முதலாளி கேட்டதற்கு அண்ணன், “போன தடவ நான் பொய் சொன்னேன் பாஸ்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழில் நடத்தும் நடைப்பயணத்துக்கு டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். கவுண்டருக்கு முன்னால் பெரியவர் நின்றார். தனியாக, கையில் ஒரு குடையோடு. மகள் வரவில்லை.

“ஒரு டிக்கெட்மா.”

எழுதிக் கொடுத்தேன். கவுண்டரை மூடிவிட்டு நானும் கூட்டத்துக்குப் பின்னாலேயே போனேன். அண்ணன் அவரை முதல் தெருவிலேயே பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் குரல் எல்லா இடத்திலும் கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது.

பாதிச் சர்ச்சுக்குள் அண்ணன் தூண்களைக் காட்டினார். செங்கல் பற்களைக் காட்டினார். “இத கட்டுன கொத்தனார்ல நெறைய பேரு நம்ம ஆளுங்க” என்றார். ஒரு பள்ளிக்கூடப் பெண் கையை உயர்த்தினாள்.

“அங்கிள், அவுங்க பேரெல்லாம் என்னா?”

“தெரியாதும்மா. யாரும் எழுதி வைக்கல.”

அந்தப் பெண் தூணை அண்ணாந்து பார்த்தாள். பின்வரிசையிலிருந்து பெரியவர் சொன்னார்:

“ஒருத்தர் பேரு கருப்பையாவா இருக்கலாம்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். இந்த முறை அவசரப்படவில்லை.

“இருக்கலாங்கய்யா” என்றார்.

பெரியவர் தலையை ஆட்டினார். கூட்டம் பின்பக்கக் கதவு வழியாகப் புல்வெளிக்கு நகர்ந்தது. படியில் இறங்கும் இடத்தில் பெரியவர் கையை நீட்டினார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.